இன்னாசியின் எடை

ஜனவரி 4, புதன்

எடை 54.2. பிரஷர் 160/90. குடித்த தண்ணீர் 850 மில்லி. சிறுநீர் 120 மில்லி.

இவ்வளவு எழுதினால் போதும் என்றுதான் தமிழினி இந்த நோட்டைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான பேப்பர் வேலைகளையெல்லாம் பார்க்கிற பெண். ஆபரேஷன் வரைக்கும் அங்கிளுக்குத் தினமும் குறித்துவையுங்கள் ஆன்ட்டி என்றாள். குறித்தாகிவிட்டது. மீதிப் பக்கம் காலி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். இந்தக் காலிப் பக்கத்தில் கொஞ்சம் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்று கோதண்டம் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேஸ் பைத்தியம். என் வீட்டுக்காரர் குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்த காலத்தில் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று "இன்னாசி, இன்னாசி" என்று தொண்டை கிழியக் கத்திய கூட்டத்தில் ஒருத்தர். ரேஸ் கார்டில் இவர் பெயர் எம். இக்னேஷியஸ் என்றுதான் அச்சாகும். வேலிப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பழைய ரசிகர்களெல்லாம் சேர்ந்து பிப்ரவரியில் ஒரு மண்டபம் பிடித்து விழா எடுக்கப் போகிறார்களாம். மூன்று ஜாக்கிகளைப் பற்றிய நினைவுகள். கரீம் பாய், டிக்கி ராட்ரிக், இவர். முதல் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். மூன்றாமவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறார். அவரை மேடையில் உட்காரவைத்து மாலை போட வேண்டுமாம்.

போகிற போக்கில் அந்தக் கதையையும் சொன்னார். ஜூபிலி கப் பந்தயத்துக்காக ஐந்தே நாளில் நாலு கிலோ எடை இறக்கினாரே அண்ணன், உலகத்தில் எவனால் முடியும் என்றார். சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். இவரும் சிரித்தார். எட்டு மாதமாக வராத சிரிப்பு.

காபி டம்ளரை நான் வைத்த வேகத்தில் கோதண்டத்தின் சட்டையில் தெறித்தது. மன்னிப்பு கேட்கவில்லை.

ஜனவரி 7, சனி

டயாலிசிஸுக்கு முன் 56.1. பின் 53.4. நாலு மணி நேரம்.

முன்னும் பின்னும் எடை. ஏறி நின்று முள்ளைப் பார்க்கிற அந்தப் பார்வையை இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கிறேன். பந்தயத்துக்கு முன்னால் ஒருமுறை, முடிந்து சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒருமுறை. இப்போதும் அப்படியே நாடியை நெஞ்சில் பதித்துக்கொண்டு குனிகிறார். டெக்னீஷியன் பையன், இவர் ஜாக்கியாக இருந்தவர் என்று தெரிந்து, என்ன சார் மேட்ச் பிக்ஸிங்கெல்லாம் பண்ணியிருக்கீங்களா என்று விளையாட்டாகக் கேட்டான். இவரும் விளையாட்டாகவே பதில் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாகம் என்றார். ஒரு நாளைக்கு எண்ணூற்றைம்பதுதான். ஐஸ் டிரேயிலிருந்து ஒரு கட்டி எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டார். வாலிபம் முழுக்க எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்த மனுஷன். இப்போது உடம்பு தண்ணீரை வெளியே தள்ளாததால் குடிக்கக்கூடாது. இதை யார் எழுதி வைத்தார்கள் என்று ஆண்டவரிடம் கேட்டேன். அவருக்கும் பதில் தெரியாது போலிருக்கிறது.

ஜனவரி 8, ஞாயிறு

54.0. பூசைக்குப் போகவில்லை. யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 12, வியாழன்

கிட்னி கொடுக்கப் போகிற எனக்கு இன்று பரிசோதனைகள் ஆரம்பம். இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரை அஞ்சு லிட்டர் கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அறுபது வயதில் கேனைப் பைக்குள் மறைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். எனக்கு ஓ குரூப், இவருக்கு பி. பொருந்தும் என்றார்கள்.

தோஹாவிலிருந்து மகள் ஷீபா போன் செய்தாள். நான் கொடுக்கிறேன் மம்மி, எனக்கு வயது குறைவு என்றாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால் செருப்பால் அடிப்பேன் என்றேன். அழுதாள். அழட்டும். அவள் அப்பா செய்துகொண்டதற்கு அவள் ஏன் அறுத்துக் கொடுக்க வேண்டும்?

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

54.9. கூடிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. நான் முகம் கழுவி வருவதற்குள் நாலு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறார். முந்திரி ஆகாது, திராட்சை ஆகாது. தூக்குச் சட்டியை இழுத்து மூடினேன். குழந்தை மாதிரி உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கோதண்டம் மறுபடியும் வந்தார். விழா மலருக்காக மூவரைப் பற்றியும் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். டிக்கி ராட்ரிக் பந்தயத்துக்குப் போகுமுன், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற ஸ்டார்ட்டருக்குச் சல்யூட் அடிப்பாராம். சட்டைக்குள் அம்மாவின் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு அதன் எடையையும் கணக்கில் சேர்க்கச் சொல்வாராம். சிரித்தபடியே செத்துப்போனார் என்று எழுதிக்கொண்டார் கோதண்டம். நான் உள்ளேயிருந்து கத்தினேன். டிக்கி சிரித்தபடி சாகவில்லை. நாற்பத்துநாலு வயதில், எடை இறக்க உட்கார்ந்த நீராவிப் பெட்டியில் நெஞ்சு நின்று செத்தார். பெட்டிக் கதவைத் திறந்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இவர்தான் எனக்குச் சொன்னார்.

கோதண்டம் பேனாவை மூடிவிட்டார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரீம் பாயைப் பற்றி மட்டும் நான் குறுக்கே பேசவில்லை. அவர் பெண் குதிரைமேல் சாட்டை வைத்ததே இல்லை. கடைசி இருநூறு மீட்டரில் எல்லாரும் கையை ஓங்கும்போது அவர் குனிந்து காதோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். அது என்ன பேச்சு என்று கேட்டால், உன் வீடு வந்துவிட்டது மகளே என்று சொல்வேன் என்பார். இவருக்கு லகான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஊட்டி சீசனில் இவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மழையில் நடந்தே வந்து கம்பளி கொடுத்துவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். ஏன் என்பது இந்த நோட்டுக்கு வேண்டாம்.

நீங்க அண்ணன் ரேஸெல்லாம் பார்த்திருப்பீங்களேம்மா என்று கிளம்பும்போது கோதண்டம் கேட்டார். நான் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்றேன்.

ஜனவரி 23, திங்கள்

56.0. கால் வீக்கம்.

தமிழினி பட்டியல் கொடுத்திருக்கிறாள். உறுப்பு மாற்றுக்கு அனுமதி தருகிற கமிட்டியின் முன் நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று நிரூபிக்க வேண்டும். கோயில் திருமணப் பதிவேட்டின் நகல், ரேஷன் கார்டு, ஆதார். அதோடு பழைய போட்டோக்கள், பத்து வருஷத்துக்கு ஒன்றாவது, இருவரும் சேர்ந்து இருப்பது போல.

பரண் முழுக்க இறக்கினேன். கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. மற்றதெல்லாம் பந்தய போட்டோ. நடுவில் குதிரை. மேலே இவர். லகானைப் பிடித்துக்கொண்டு குதிரை முதலாளி, அவர் மனைவி, அவர் மச்சான், அவர் நாய். அறுபத்தெட்டுப் படங்களை எண்ணினேன். ஒன்றிலும் நான் இல்லை. நாய் மூன்றில் இருக்கிறது.

குதிரையிடம் கிட்னி வாங்கியிருந்தால் கமிட்டி கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று இவரிடம் சொன்னேன்.

ஜனவரி 31, செவ்வாய்

டயாலிசிஸுக்கு முன் 56.4. பின் 53.5.

பெரிய டாக்டர் பழைய கதையெல்லாம் கேட்டார். சர்க்கரை இல்லை, பரம்பரையாக யாருக்கும் இல்லை. பின்னே எப்படிக் கிட்னி இரண்டும் சுருங்கிப்போயின? சவாரி செய்த காலத்தில் எடை குறைக்க நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டீர்களா என்றார். எப்போதாவது ஒன்று சாப்பிட்டிருப்பேன் டாக்டர் என்றார் இவர். எத்தனை மில்லிகிராம்? ஞாபகமில்லை என்றார்.

நாற்பது. வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே மாடியில் மனநல டாக்டரிடமும் அனுப்பினார்கள். கொடுப்பவருக்குக் கட்டாயமாம். இளவயசுப் பெண். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்று கேட்டாள். என்னை வற்புறுத்தும் தைரியம் இந்தக் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது என்றேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்றாள். வேறு யாரும் இல்லை, அதனால் என்றேன். அவர்மேல் கோபமா என்றாள். ஆமாம் என்றேன். என்ன கோபம்? வரிசையாகச் சொன்னேன். நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வயிறாரச் சாப்பிடாதவருக்கு எதிரே உட்கார்ந்து நான் மட்டும் சாப்பிட்ட கோபம். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கேக்கை முகர்ந்துவிட்டு வைத்த கோபம். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். இவ்வளவுதானா என்றாள்.

இவ்வளவுதான் என்றேன்.

கதவைத் திறந்தால் இவர் சக்கர நாற்காலியில் வாசலிலேயே இருக்கிறார்.

பிப்ரவரி 5, ஞாயிறு

54.4.

கோதண்டம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய போட்டோக்களோடு வந்தார். விழா மண்டபத்தில் வைக்க ரசிகர்களிடமிருந்து சேகரித்தவை. இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் குதிரையின் பெயர், வருஷம், மைதானம் ஈரமா காய்ந்ததா என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் மறந்துபோயிருக்கிறது.

ஒரு படத்தை எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் நீட்டினார். ஜூபிலி கப், எண்பத்தெட்டு. மான்சூன் லெட்டர் என்கிற சாம்பல் குதிரை ஜெயித்துத் திரும்பி வருகிறது. மேலே இவர், கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய். கம்பி வேலியில் ஒரு பெண் ஏறி நிற்கிறாள். மஞ்சள் புடவை. இரண்டு கையும் ஆகாயத்தில். வாயைத் திறந்து கத்துகிறாள். அந்தக் கூட்டத்தில் அவளளவுக்கு வாயைத் திறந்தவர் யாரும் இல்லை.

கமிட்டிக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது என்றார் இவர்.

கோதண்டம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நல்லவேளை, கேட்கவில்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு, விழாவில் இதை வைத்தால் மண்டபத்தையே கொளுத்துவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

53.6, டயாலிசிஸுக்குப் பின்.

மெஷினில் படுத்திருக்கும்போதே சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், தமிழினியிடமும் சொல்லிவிட்டேன் என்றார். ஏன் என்றேன். மனநல டாக்டர் அறைக் கதவு மெல்லிசாக இருந்ததாம்.

"கோவத்துல அறுத்துக் குடுக்கறதை உள்ள வெச்சிக்கிட்டு நான் எப்படிப் படுத்துத் தூங்குவேன், ஜெசி? எனக்கு வேணாம்."

சுற்றி ஆறு மெஷின் ஓடுகிறது. ஆறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன். எல்லா டெஸ்டும் முடிந்தாகிவிட்டது. என் கையில் ஊசி குத்தாத இடமில்லை. இப்போது வேண்டாமாம். பிடிவாதத்தைப் பசியோடு சேர்த்து வளர்த்தவர். அவரிடம் என்ன பேசுவது?

பிப்ரவரி 8, புதன்

54.3. பேச்சு இல்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

55.7. இன்னும் இல்லை. உப்பில்லாத ரசத்தை வைத்தேன். குடித்தார். நோட்டில் அளவை அவரே எழுதிவைத்திருக்கிறார், கோழிக் கிறுக்கலில்.

பிப்ரவரி 12, ஞாயிறு

55.0. நேற்றுத்தான் டயாலிசிஸ். அப்படியும் இவ்வளவு.

விழாவுக்குப் போனோம். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்காமல் இவர் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஊக்கு குத்தப் போனேன். அப்படியே ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

நூற்றைம்பது பேர் இருப்பார்கள். எல்லாம் நரைத்த தலை. இவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று அந்தக் காலத்து மாதிரியே பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒவ்வொருவராக மேடையேறிப் பேசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினார்கள். ஒருவர் கரீம் பாயின் கைகளைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். அந்த மனுஷன் லகானைப் பிடித்தால் குதிரைக்குத் தன்னைப் பிடித்திருப்பதே தெரியாது என்றார். டிக்கியின் ஜெபமாலையைப் பற்றிச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு கோதண்டம் மைக்கைப் பிடித்து நாலு கிலோ கதையை ஆரம்பித்தார். ஐம்பத்துநாலு கிலோ ஜாக்கி. குதிரைக்கு விதித்ததோ சேணத்தோடு சேர்த்து ஐம்பத்தொன்று. வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார் முதலாளி. முடியாது, நான் ஐம்பதுக்கு வருகிறேன் என்கிறார் இன்னாசி. ஐந்தாவது நாள் தராசில் ஏறினால் சரியாக ஐம்பது. மண்டபம் கைதட்டியது. இவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார் கோதண்டம்.

நான் எழுந்து போனேன்.

என்ன பேசினேன் என்பதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். அந்த ஐந்து நாளைச் சொன்னேன். மூன்று ஸ்வெட்டர், அதற்குமேல் பிளாஸ்டிக் தாள், அதற்குமேல் கம்பளி போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வேளச்சேரி ரோட்டில் ஓடினார். கண்ணாடி ஏற்றிய அம்பாசடர் காருக்குள் வெயிலில் உட்கார்ந்திருந்தார். நாளுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. தண்ணீருக்குப் பதில் உதட்டில் ஈரத் துணி. நாலாவது நாள் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் கரீம் பாய் வீட்டுக்கு வந்தார். அதே பந்தயத்தில் இவருக்கு எதிராகச் சவாரி செய்யப் போகிறவர். என்னிடம் வந்து, மகளே, கப் அடுத்த வருஷமும் வரும், இவனை நிறுத்து என்றார். உங்களுக்குப் பயம், அதனால்தான் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஐந்தாவது நாள் காலையில் இன்னும் நானூறு கிராம் அதிகம். இவர் தரையில் படுத்துக்கொண்டு, போதும் ஜெசி என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவிட முடியும்.

"மாத்திரை வாங்கிட்டு வந்தது நான். எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்த்தாப்பல இருந்த மெடிக்கல்ல. அஞ்சு நாளும் நான்தான் குடுத்தேன். அன்னிக்குக் காலையில ரெண்டு மாத்திரையை இவர் வாயில வெச்சவளும் நான்தான். ஜெயிக்கணும்னு இவரைவிட எனக்குத்தான் வெறி. நீங்க கை தட்டுறது இவருக்கில்ல."

இறங்கி வந்துவிட்டேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆட்டோ சின்னமலையைத் தாண்டியது. எனக்கு ஏதோ பாரம் இறங்கினது போல இருந்தது. இவர் என் கையைப் பிடிப்பார், போனது போகட்டும் என்பார் என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தாடை நடுங்குகிறது. அழுகை என்று நினைத்தேன். அழுகை இல்லை.

"என் வாழ்க்கையில என்னோடதுன்னு ஒரே ஒரு நாள் இருந்துச்சு," என்றார். "அதையும் உன்னோடதா ஆக்கிட்டே. மாத்திரை எவன் வேணா வாங்கியாந்து குடுப்பான். முழுங்கினது நான். அம்பது கிலோவுக்கு வந்தது நான். கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்ப குதிரை மேல உக்காந்திருந்தது நான். உனக்கு அதுல ஒரு பங்கும் கிடையாது. கிட்னி போனது என் கணக்கு. அதுல வந்து குந்திக்காதே."

இவ்வளவு சத்தமாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கண் மறைத்தது. முப்பத்தைந்து வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தையில் எனக்கு அதில் இடமே இல்லை என்கிறார்.

"சரி. உங்க ரேஸ் உங்களோடது," என்றேன். "என் கிட்னி என்னோடது. யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். கோவத்துல குடுப்பேன், சிரிச்சுக்கிட்டுக் குடுப்பேன், அது என் இஷ்டம். அதுல நீங்க வந்து குந்திக்காதீங்க."

வீடு வருகிறவரை இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். இறங்கும்போது ஊக்கு கழன்று பேன்ட் நழுவியது. நான் பிடித்தேன். விடு, நான் பிடிச்சிக்கிறேன் என்றார். விடவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

56.2. காலையில் தமிழினிக்கு அவரே போன் செய்து, பேப்பரைக் கொண்டு வா பாப்பா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எனக்குச் சொல்லவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

54.1. நெற்றியில் சாம்பலோடு வெளியே வரும்போது, தவக்காலத்துக்கு எதை விடப்போறீங்க ஜெசிந்தா என்று ஃபாதர் கேட்டார். இடதுபக்கக் கிட்னி என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு முறை சாம்பல் பூசிவிட்டார்.

மார்ச் 1, புதன்

கமிட்டி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். வீடியோ எடுக்கிறார்கள். நடுவில் இருந்த அதிகாரி ஜூபிலி கப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் நீங்கள் யார் என்றார். வேலிமேல் நிற்கிறவள் என்றேன். கணவர்? குதிரைமேல். இரண்டு பேருக்கும் நடுவில் முப்பதடி தூரம் இருக்கிறதே, இதை எப்படிச் சேர்ந்து எடுத்த படம் என்று ஏற்பது என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இதுதான் கிட்டத்தில் எடுத்தது என்றேன்.

அந்த அம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது சார் என்றார் பக்கத்திலிருந்த பெண் அதிகாரி. எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன தெரிகிறதாம்?

ஏன் கொடுக்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டார்கள். வேறு யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவர் தாகத்தில் இருக்கிறார், என்னால் பார்க்க முடியவில்லை என்று வந்துவிட்டது. வீடியோவில் பதிவாகிவிட்டது. அழிக்கச் சொன்னேன். முடியாதாம்.

மார்ச் 8, புதன்

அட்மிட் ஆகிவிட்டோம். எனக்கு நாலாவது மாடி, அவருக்கு ஆறு. நாளைக் காலை ஏழு மணிக்கு என்னை முதலில் கூப்பிடுவார்கள். பயமில்லை. பசிக்கிறது, எதுவும் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள். இந்தப் பசியை இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷன் எப்படித் தாங்கினான்?

மார்ச் 12, ஞாயிறு

மூன்று நாளாக எழுத முடியவில்லை. இருமினால் உயிர் போகிறது. தும்மல் வந்துவிடக் கூடாது என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் மேஜையிலேயே இவருக்குச் சிறுநீர் வந்துவிட்டதாம். முதல் நாள் ஒன்பது லிட்டர். தமிழினி ஓடி வந்து சொல்லிவிட்டு அழுதாள். ரத்தத்தில் தேங்குகிற கழிவு, கிரியாட்டினின், எட்டிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது. தனி அறையில் வைத்திருக்கிறார்கள், யாரும் போகக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்றால், இவ்வளவு குடிக்க முடியவில்லை என்று அடம் பிடிக்கிறாராம். போனைப் போடச் சொல்லி, ஒழுங்காகக் குடிங்க என்று கத்தினேன். தையல் இழுத்தது.

மார்ச் 14, செவ்வாய்

இன்று வராண்டாவில் இரண்டு சுற்று நடந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் கோதண்டம் வந்தார். விழாவுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அந்தக் கதையை நான் இனிமேல் எங்கேயும் சொல்லமாட்டேன்மா என்றார். அதற்காகவா நான் பேசினேன்? உட்காருங்கள் என்றேன்.

டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் பெண், ஆறாவது மாடியில் இருக்கிறவர் பெரிய ஜாக்கியாமே என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மனுஷனுக்குத் தாங்கவில்லை. ஜூபிலி கப்பை ஆரம்பித்துவிட்டார். நாலு கிலோவை மட்டும் விட்டுவிட்டார். பன்னிரண்டு குதிரை, அண்ணன் கடைசியில் வருகிறார், திருப்பத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறார் என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

தப்பு என்றேன். கடைசியில் வரவில்லை, ஆறாவதாக வந்தார். வெளிப்பக்கமாகச் சுற்றவும் இல்லை. டிக்கி முதலில் ஓட்டிக்கொண்டு போகிறார், அவருக்குப் பின்னால் கரீம் பாய். திருப்பத்தில் டிக்கியின் குதிரை களைத்து வேலியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறது. ஒரு ஆள் உடம்பைச் சாய்த்துப் போகிற இடைவெளிதான். எவனும் அதற்குள் நுழையமாட்டான். இவர் நுழைந்தார். கால் வேலியில் உரசிப் பூட்ஸ் கிழிந்தது. வெளியே வரும்போது கரீம் பாய்க்கு ஒரு குதிரை நீளம் பின்னால். அங்கிருந்து சாட்டையைத் தொடவே இல்லை. குதிரையின் கழுத்தோடு படுத்துக்கொண்டார். ஐம்பது மீட்டரில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு தலையும் ஒன்றாக மேலேறி ஒன்றாக இறங்குகின்றன. கடைசி மூன்று எட்டில் இவருடையது முன்னால் வந்தது. அரைத் தலை. ஜெயித்ததும் கரீம் பாய்தான் முதலில் கையை நீட்டி இவர் முதுகைத் தட்டினார். கதவைச் சாத்தினவள் வேலிமேல் நின்று கத்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். எனக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார்.

பேசி முடிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையில் டிரிப்ஸ் ஊசி நழுவிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அப்படின்னா மூணு பேர்ல யாரு பெரிய ஆளு ஆன்ட்டி என்று கேட்டாள் நர்ஸ்.

கரீம் பாய் என்றேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மேலே ஆறாவது மாடியிலும் நான் இப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடு என்றேன்.

அவள் டியூட்டி முடிந்து போகிறபோது நிஜமாகவே போய்க் கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் தமிழினி ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். அதே கோழிக் கிறுக்கல்.

"கரீம் பாய்தான். சரியாச் சொன்னே. ரெண்டாவது யாரு?"

பதில் என்ன சொல்லட்டும் ஆன்ட்டி என்று தமிழினி நின்றாள். இப்போது தூங்குகிறேன் என்று சொல்லு என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். கிடக்கட்டும். இன்னும் ஒரு நாள் யோசிக்கட்டும்.